உண்ணும் அளவும் உடலின் எடையும்

 

 

இன்றைய ஜும்ஆவில் உடல் எடையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மிம்பரில் பேச வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் எண்ணலாம். மூன்றாண்டுகளுக்கு முன் என்னைப் பார்த்தவர்களோ, இவர் பேச வேண்டிய பொருள்தான் என்று புன்னகைப்பார்கள்.

அப்போது என் எடை 94 கிலோ. உயரம் 165 செ.மீ. ஒரு நாள் அஸர் தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் மிஹ்ராபின் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பின்னால் நின்றவர்கள் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே எனக்குப் போதுமானதாக இருந்தது. மறு வாரம் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், முழங்கால் தேய்ந்திருக்கிறது. இனி நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொள்ளுங்கள்" என்றார். அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் பள்ளிவாசல் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தது. சைகையால் ருகூவும் ஸஜ்தாவும் செய்பவர், அவற்றை முறையாகச் செய்ய இயன்றவர்களுக்கு இமாமாக நிற்க முடியாது என்பது அம்மத்ஹபின் சட்டம். பத்தொன்பது ஆண்டுகளாக நான் நிற்கும் இடம் அந்த மிஹ்ராப். என் வீட்டில் அடுப்பு எரிவதும் அதனால்தான்.

சகோதரர்களே! நம் பள்ளிவாசல்களின் ஸஃப்புகளைத் திரும்பிப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் ஓரத்தில் ஒன்றிரண்டு நாற்காலிகள் கிடக்கும். இன்று ஒரு வரிசையே நாற்காலிகளாக இருக்கிறது. அவற்றில் அமர்வோர் எல்லோரும் முதியவர்கள் அல்லர். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நான் குறை கூறவில்லை. அந்தச் சலுகை தேவைப்படும் நிலையை நம் கைகளே நமக்கு உண்டாக்கிக்கொள்கின்றனவே என்பதுதான் என் கவலை.

மருத்துவர் நடக்கச் சொன்னார். நடந்தேன். ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் முக்கால் மணி நேரம், மூன்று மாதங்கள். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. காரணத்தை நான் வெகு நாட்கள் அறியவில்லை, அறிந்தபோது வெட்கப்பட்டேன். என் எடை கொண்ட ஒருவர் முக்கால் மணி நேரம் சாதாரணமாக நடந்தால் ஏறத்தாழ 200 கலோரி செலவாகிறது. நடை முடிந்ததும் நண்பர்களுடன் கடையில் அமர்ந்து இரண்டு பரோட்டாவும் சால்னாவும், சீனி போட்ட தேநீரும் உண்டு வந்தேன். அது நடந்து செலவழித்ததைப் போல் இரு மடங்கிற்கும் மேல். நடந்தவன் என்ற உரிமையில் அல்லவா உண்டேன்!

நாம் நினைக்கும் அளவுக்கு உழைப்பு மட்டும் எடையைக் கரைப்பதில்லை. தான்சானியாவில் ஹட்ஸா என்றொரு மக்கள் வாழ்கிறார்கள். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் உண்பவர்கள். நாள்தோறும் வெகு தூரம் நடப்பவர்கள். ஹெர்மன் போன்ட்சர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அவர்களின் உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். உடலின் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், அது மேலை நாட்டு நகரவாசிகளின் செலவைவிடக் கூடுதலாக இல்லை. உடற்பயிற்சி இதயத்திற்கும் தசைக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் நல்லது. குறைத்த எடை திரும்பாமல் காப்பதற்கும் துணை செய்கிறது. ஆகவே நடப்பவர்கள் நடையை விட்டுவிடாதீர்கள். ஆனால் எடையைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு உணவுத் தட்டினுடையது. நடக்க நேரமில்லை, கால் ஒத்துழைக்கவில்லை, வெளியே செல்ல வாய்ப்பில்லை என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடும் எவருக்கும் இது நற்செய்தி அல்லவா?

நபி (ஸல்) அவர்கள் வயிற்றைப் பற்றிச் சொன்ன செய்தி மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடத் தீயது இல்லை. முதுகை நிமிர்த்தும் சில கவளங்களே அவனுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமானால் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்பது அதன் கருத்து. மூன்றில் ஒரு பங்கு என்பது நாம் அடைய வேண்டிய உயர்ந்த நிலை என்று ஓதிக்கொடுத்திருக்கிறேன். இப்போது வாசிக்கையில்தான் தெரிகிறது: அது இறுதியாக விடப்பட்ட அனுமதி. முதலில் சொல்லப்பட்டது சில கவளங்களே. மதரஸாவில் இந்த ஹதீஸை நான் எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! பாடம் முடிந்ததும் நேரே சாப்பாட்டுக் கூடத்திற்குத்தான் போவோம்.

எப்படிக் குறைப்பது என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் வழி கிடைத்தது. ஹிஜ்ரி 505-இல் மறைந்த அப்பெருந்தகை, தம் இஹ்யா நூலில் வயிற்றின் இச்சையை அடக்குவது குறித்துத் தனிப் பகுதியே எழுதியுள்ளார்கள். நாளொன்றுக்கு இரண்டு ரொட்டி உண்பவர் ஒரு ரொட்டிக்கு வர விரும்பினால், ஒரே நாளில் பாதியாக்கிவிடக் கூடாது. தினமும் மிகச் சிறு துணுக்காகக் குறைத்து ஒரு மாதத்தில் அங்கு வந்து சேர வேண்டும் என்ற கருத்தை அதில் காணலாம். உடம்பும் தாங்கும், மாற்றமும் தெரியாது. அவர்கள் நோக்கம் உள்ளத்தைத் தூய்மை செய்வது. எடை குறைப்பது அன்று. எனினும் வழி ஒன்றுதான்.

வீட்டில் முதன்முறையாக என் பங்குச் சோற்றுக்கு உரிய அரிசியைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். பகலுக்கு மட்டும் 200 கிராம்! சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. வாரத்திற்குச் சிறிதளவாகக் குறைத்து மூன்று மாதங்களில் 80 கிராமுக்கு வந்தேன். தட்டில் வெற்றிடம் தெரியக் கூடாது என்று என் மனைவி அங்கே கீரையும் புடலங்காயும் அவரையும் வைத்தார்கள். மீனையும் முட்டையையும் பருப்பையும் குறைக்கவில்லை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்கப் புரதம் வேண்டும். எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றினார்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. சோற்றின் மாவுச்சத்தில் 4 மட்டுமே. ஆணத்தின் மேல் மிதக்கும் எண்ணெய் சோற்றைவிடக் கனமான கணக்கு.

அடுத்தது தேநீர். நாளொன்றுக்கு ஆறு குவளை, குவளைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டியில் 20 கலோரி என்று கொண்டால் நாளொன்றுக்கு 240, மாதத்திற்கு 7,200. ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. உடல் கணக்குப் புத்தகம் போல் துல்லியமாக நடப்பதில்லை. எடை குறையக் குறைய அதன் தேவையும் குறைந்து வேகம் தளரும். ஆயினும் எவ்வளவு சீனியை அறியாமல் குடித்துக்கொண்டிருந்தேன் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இப்போது நம் சமுதாயத்திற்கே உரிய இரண்டு சங்கடங்களுக்கு வருகிறேன்.

ஒன்று விருந்து. நிகாஹ், வலீமா, அகீகா, புதுமனை என்று இமாமுக்கு வாரம் இரண்டு அழைப்பாவது இருக்கும். சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது அழகிய பழக்கம், உள்ளங்களை இணைப்பது. ஆனால் பொதுத் தட்டில் யார் எவ்வளவு உண்டார் என்பது உண்டவருக்கே தெரியாது. அதிலும் "ஹஜ்ரத்துக்கு ஒரு கறி வைங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் நெய்ச்சோற்றை என் பக்கம் ஒதுக்க, மறுத்தால் மனம் நோகுமோ என்று உண்டுவிடுவேன். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்க, மூவரின் உணவை ஒருவருக்குத் திணிப்பதை உபசரிப்பு என்று நாம் வைத்துக்கொண்டோம்.

மற்றொன்று வீண்விரயம் பற்றிய அச்சம். சென்ற ஆண்டு ஒரு சகோதரி தொலைபேசியில் மார்க்கச் சட்டம் கேட்டார். வயது நாற்பதைக் கடந்தவர். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கணவர் வீட்டிலேயே நடப்பதற்கு டிரெட்மில் வாங்கித் தந்திருக்கிறார். அதன் மீது இப்போது போர்வைகள் காய்கின்றனவாம். எல்லோருக்கும் பரிமாறி முடித்து, பகல் மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் மீதம் வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாக உண்டு முடிப்பாராம். அதற்குப் பிறகுதான் தமக்கென்று சோறு. "கொட்டினால் பாவம்தானே ஹஜ்ரத்?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "அம்மா, உணவைக் குப்பையில் கொட்டுவது விரயம். தேவையில்லாத உடம்புக்குள் கொட்டுவதும் விரயம்தான். உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்துடைய இறைவசனம் (7:31) உண்பதைப் பற்றித்தானே பேசுகிறது? மீதம் வராமல் குறைத்துச் சமையுங்கள். பிள்ளைகளுக்குச் சிறிது சிறிதாக வையுங்கள். வேண்டுமானால் அவர்கள் கேட்கட்டும்." எட்டு மாதங்களில் அவர் ஒன்பது கிலோ குறைந்திருப்பதாக அண்மையில் தெரிவித்தார். மாத்திரையின் அளவை அவருடைய மருத்துவரே குறைத்திருக்கிறார். போர்வைகள் இன்னும் அங்கேயே காய்கின்றன.

கணவன்மார்களே! வீட்டில் ஒருவர் மட்டும் அளவாக உண்ண, மற்றவர்கள் பொரித்த கோழியோடு எதிரே அமர்ந்தால் அது நடக்காது. குழம்பில் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று முகம் சுளிப்பவர் நீங்களாக இருந்தால், மனைவியின் நோயில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நோன்பைப் பற்றியும் கேட்பீர்கள். நோன்பு அல்லாஹ்வுக்காக நோற்கப்படுவது. எடைக்காக மட்டும் பட்டினி கிடப்பது வணக்கமாகாது. திங்கள், வியாழன் நோன்புகளால் உடல் இலேசாவது கூடுதலாகக் கிடைக்கும் நன்மை. அதுவும் இஃப்தாரில் சமோசா, வடை, சர்பத் என்று தொடங்கினால் கிடைக்காது. ரமளான் முடியும்போது எடை கூடியிருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! இருபது ரக்அத் தராவீஹ் அதைக் கரைத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

உணவு மட்டும் எவ்வளவு செய்ய வல்லது என்பதற்குப் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லீனும் வழிநடத்திய அந்த ஆய்வின் முதலாண்டு முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்ட, இன்சுலின் போடாத 306 பேர் அதில் கலந்துகொண்டனர். அவர்களில் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதங்கள் நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி தரும் பானங்களும் சூப்புகளும் மட்டுமே உணவு. அந்த மாதங்களில் தனியாக உடற்பயிற்சி விதிக்கப்படவில்லை. ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலேயே சர்க்கரை நோய் தணிந்திருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்குத் தணிந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் அந்த 46 என்பது 36 ஆகக் குறைந்தது. எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பும் அல்லவா? இன்று எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி எங்கும் பேச்சு. அவையும் பெரும்பாலும் பசியை அடக்கி உணவைக் குறைப்பதன் மூலமே வேலை செய்கின்றன.

இதைக் கேட்டுவிட்டு நாளை முதல் எவரும் பட்டினியில் இறங்கிவிட வேண்டாம். அந்த ஆய்வு முழுவதும் மருத்துவப் பணியாளர்களின் கண்காணிப்பில் நடந்தது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவர்களும் தாமாக உணவைக் குறைத்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வளரும் பிள்ளைகளும் இதில் சேர மாட்டார்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை என்று மருத்துவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். இன்றே ஒரு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள்.

எனக்குப் பத்து மாதங்களில் 14 கிலோ குறைந்தது. இடையில் இரண்டு மாதங்கள் ஒன்றுமே குறையாமல் நின்றது. ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் வாரத்தில் இரண்டு கிலோ ஏறியது. முழங்கால் தேய்மானம் தேய்மானமாகவே இருக்கிறது, அது வளராது. ஆனால் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலின் மீது விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. 14 கிலோவுக்கு அது 56 கிலோ. மருத்துவர் சொன்ன நாற்காலி வரவில்லை. மிஹ்ராபின் சுவரையும் நான் இப்போது தொடுவதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

வரும் மாதத்தில் இந்த மஹல்லாவில் நான்கு நிகாஹ்கள் இருக்கின்றன. நான்கிற்கும் இன்ஷா அல்லாஹ் வருவேன். சஹனில் உங்களோடு அமர்வேன். என் பக்கம் சோற்றை ஒதுக்காதீர்கள். ஒரு துண்டுக் கறியும் கத்திரிக்காய்ப் பச்சடியும் போதும்.