கூட வேலை செய்பவர் கைகொடுக்காதபோது

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஒரு முதியவரின் அன்றாடம் மருத்துவர் கையிலும் இல்லை, செவிலியர் கையிலும் இல்லை. சி.என்.ஏ. என்று அழைக்கப்படும் பராமரிப்பு உதவியாளர் கையில்தான் இருக்கிறது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, ஊட்டுவது, படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பது என எல்லாமே அவர் வேலை. நாடு முழுவதும் ஏறத்தாழ 15,000 இல்லங்களில் 12 லட்சம் பேர் அளவில் இப்படிப் பராமரிக்கப்படுகிறார்கள். இந்த வேலைக்கு வர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் ஒரு தேர்வும். சில மாநிலங்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன. கை கழுவும் முறையும் நாடி பார்க்கும் முறையும் பயிற்சியில் வந்துவிடும். ஆனால் 200 பவுண்டு எடையுள்ள ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டிய நேரத்தில், கூட இருக்க வேண்டியவர் தாழ்வாரத்தில் எங்கோ மறைந்துவிட்டால் என்ன செய்வது? அதை வேலைக்கு வந்த பிறகுதான் கற்க வேண்டியிருக்கிறது.

கைகொடுக்காமை பல விதமாக வெளிப்படும். கதவுக்கு மேல் அழைப்பு விளக்கு எரியும். "அது என் அறை இல்லை" என்று ஒருவர் கடந்து போவார். ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போதே நனைந்த டயப்பரை அடுத்த ஷிப்டுக்கு விட்டுவைப்பார் இன்னொருவர். எளிதாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய முதியவர்களைத் தன் பட்டியலில் வைத்துக்கொண்டு, கனத்தவர்களையும் அடிக்கும் பழக்கம் உள்ளவர்களையும் புதிதாக வந்தவர் தலையில் கட்டும் மூத்தவர்களும் உண்டு. பத்து நிமிட இடைவேளை முக்கால் மணி நேரம் நீள்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றில் எவ்வளவு குணத்தால் வருவது, எவ்வளவு ஆள் பற்றாக்குறையால் வருவது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். காலை ஷிப்ட் பெரும்பாலும் 7 மணிக்குத் தொடங்கும். காலை உணவு 8 மணி வாக்கில் வந்துவிடும். ஓர் உதவியாளர் பொறுப்பில் 10 பேர் இருந்து, எழுப்பிக் கழுவி உடுத்திவிட ஒருவருக்குக் கால் மணி நேரம் ஆகுமென்றால்கூட, மொத்தம் இரண்டரை மணி நேரம் வேண்டும். கணக்கு அங்கேயே உதைக்கிறது. 2001-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட அரசு ஆய்வு, ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு 2.8 மணி நேர உதவியாளர் பராமரிப்பு கிடைக்காவிட்டால் தரம் குறைகிறது என்று காட்டியது. 2024-இல் அரசு கொண்டுவந்த விதி அதைவிடக் குறைவாக 2.45 மணி நேரம்தான் கேட்டது. இல்ல உரிமையாளர்கள் வழக்குப் போட, 2025-இல் டெக்சஸ் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அதையும் ரத்துசெய்தது. ஆகவே காலை ஏழரை மணிக்கு "இப்போது முடியாது" என்று சொல்பவர் சோம்பேறி என்று முடிவுகட்ட முடியாது, அவரும் திணறிக்கொண்டிருக்கலாம். மதியம் ஒன்றரை மணிக்கு, கையில் கைப்பேசியோடு உட்கார்ந்துகொண்டு அதே பதிலைச் சொன்னால் விஷயம் வேறு. எல்லோரிடமும் மறுக்கிறாரா, ஒருவரிடம் மட்டும் மறுக்கிறாரா என்பதும் கவனித்தால் தெரிந்துவிடும்.

சிக்கல் கூர்மையாவது இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையில். ஒவ்வொரு முதியவருக்கும் எழுதப்பட்ட பராமரிப்புத் திட்டம் உண்டு. எழுந்து நிற்க, நாற்காலிக்கு மாற, எத்தனை பேர் உதவி தேவை என்பது அதில் இருக்கும். நிற்கவே முடியாதவரைத் துணித்தொட்டிலில் இருத்தி இயந்திரத்தால் தூக்குவார்கள். அதற்கு இருவர் வேண்டும் என்பதே பெரும்பாலான இல்லங்களின் விதி. ஒருவர் இயந்திரத்தை நகர்த்த, மற்றவர் முதியவரின் தலையையும் கால்களையும் இடிபடாமல் பார்த்துக்கொள்வார். வெறுங்கையால் தூக்குவதற்கு, அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் 2007-இல் கணக்கிட்டுச் சொன்ன வரம்பு 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ. வளர்ந்த மனிதர் எவரும் அந்த வரம்புக்குள் அடங்கமாட்டார். முதுகுவலியால் வேலையை விட்ட உதவியாளர்கள் ஏராளம்.

இரண்டாவது ஆள் என்பது சலுகை அல்ல, திட்டத்தில் எழுதப்பட்ட தேவை. இது தெரிந்தும் பலர் தனியாகத் தூக்குகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போவது ஒரு காரணம். "அவளால் தனியாகவே முடியும்" என்ற பெயர் வாங்கும் ஆசை இன்னொன்று. ஆனால் முதியவர் விழுந்துவிட்டால் விசாரணையில் முதல் கேள்வி தனியாகத் தூக்கியவரை நோக்கித்தான் வரும். உதவிக்கு வராதவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. கவனக்குறைவு நிரூபணமானால் அது மாநில உதவியாளர் பதிவேட்டில் ஏறும். அதன்பின் எந்த இல்லமும் அவரை வேலைக்கு வைக்க முடியாது. போதாததற்கு, எப்படியோ வேலை முடிந்துவிடுவதால் ஆள் போதும் என்று நிர்வாகமும் நினைத்துக்கொள்கிறது.

தூக்க வேண்டிய நேரம் வந்தபின் ஆள் தேடி அலைவதைவிட, ஷிப்ட் தொடங்கும் ஐந்து நிமிடத்தில் பேசி முடிப்பது பலன் தரும். இருவரும் தத்தம் பட்டியலில் இரண்டு பேர் தேவைப்படுகிறவர்களை எண்ணிக்கொள்வார்கள். "ஒன்பதேகாலுக்கு என் 12-ஆம் அறை, முடிந்ததும் உங்கள் 18-ஆம் அறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பவும் இரண்டும்" என்று நேரம் குறித்துவிடுவார்கள். "நேரம் கிடைத்தால் கொஞ்சம் வர முடியுமா" என்று கேட்டால் நேரம் கிடைக்காது. அறை எண்ணும் மணியும் சொல்லி, பதிலுக்குத் தான் செய்யப்போவதையும் சேர்த்துச் சொன்னால் மறுப்பது கடினம்.

ஷிப்ட் மாறும் நேரத்துப் பூசல் வேறு வகை. இரவில் வந்தவர்கள் எதையும் மாற்றவில்லை என்பார்கள் காலையில் வருபவர்கள். பகல்காரர்கள் விட்டுப்போனதைத்தான் இரவெல்லாம் சுத்தம் செய்தோம் என்பார்கள் இரவில் வந்தவர்கள். நீர்மாத்திரை சாப்பிடும் ஒருவர் மாற்றிய அரை மணியிலேயே நனைந்துவிடுவார் என்பதால், நனைந்த டயப்பர் ஒன்றே யார் மீதும் சாட்சி ஆகாது. மாற்றிய நேரத்தை டயப்பரின் மேலேயே பேனாவால் குறித்துவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் படுத்திருக்கும் மனிதர் இரண்டு பேர் சண்டையின் தடயப் பொருளாகிவிடுகிறார். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து அறை அறையாக நடந்து பார்த்துப் பொறுப்பு மாற்றிக்கொள்ளும் முறை இதைவிடக் கௌரவமானது. அதற்குப் பத்து நிமிடம் பிடிக்கும். சம்பளம் கிடைக்காத பத்து நிமிடமாக அது இருந்தால் யாரும் செய்யமாட்டார்கள் என்பதையும் நிர்வாகங்கள் உணர வேண்டும்.

நேரில் பேசுவதற்கும் முறை இருக்கிறது. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமையும் பாதுகாப்புத் துறையும் 2006-இல் வெளியிட்ட 'டீம்ஸ்டெப்ஸ்' என்ற குழுப் பயிற்சி, மூன்று படிகளைச் சொல்கிறது: எனக்குக் கவலையாக இருக்கிறது, இது எனக்குச் சரியாகப் படவில்லை, இது பாதுகாப்புப் பிரச்சினை. ஆளின் குணத்தை விட்டு, நடந்ததை மட்டும் பேச இது உதவும். "நீங்கள் எப்போதுமே உதவுவதில்லை" என்றால் வாதம் அந்த 'எப்போதுமே' என்பதில் சிக்கிக்கொள்ளும். "நேற்று 12-ஆம் அறைக்கு இரண்டு முறை கூப்பிட்டேன், அவர் பதினொன்று வரை படுக்கையிலேயே கிடந்தார்" என்றால் மறுக்க எதுவும் இல்லை. முதியவர் காதில் விழாத இடத்தில், கோபம் தணிந்த பிறகு பேசுவது உத்தமம். இதையும் மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. தன்னால் இன்னொருவர் படும் பாட்டைக் கவனிக்காமல் இருந்தவர் இப்படிப் பேசினால் திருந்துவார். கண்டும் காணாமல் இருப்பதில் சுகம் கண்டவரிடம் மூன்று படியும் பலிக்காது.

குழு மனப்பான்மை இன்னொரு சுவர். உதவியாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வெளிநாட்டில் பிறந்தவர்களும் கணிசம். ஹெய்ட்டி, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் என்று பல இடத்தவர் ஒரே தளத்தில் வேலை பார்ப்பார்கள். எல்லைக்கு அப்பால் கனடாவின் ஒன்ராறியோவில் ஈழத்திலிருந்து குடியேறிய தமிழ்ப் பெண்கள் பலரும் இதே வேலையில் இருப்பதால், அவர்களுக்கும் இது தெரிந்த கதை. ஊர்க்காரர் ஊர்க்காரருக்கு ஓடி உதவுவார். வெளியாள் தனித்து நிற்பார். கேட்காமலே முதலில் தான் ஒரு கை கொடுப்பது நுழைவாயிலாக அமையும். சில வாரங்களில் பதில் உதவி வராவிட்டால் நிறுத்திக்கொள்வது நல்லது. இல்லையென்றால் அது நிரந்தரக் கடமையாகிவிடும். முதியவரின் உடலைத் துடைத்துக்கொண்டே இரண்டு பேர் தங்கள் மொழியில் சிரித்துப் பேசினால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் நினைப்பது இயல்பு. அதைத் தவிர்க்கச் சொல்வது நியாயம். அதற்காக இடைவேளையிலும் ஆங்கிலம்தான் என்று பொதுத்தடை போட்டால், அது 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு முரணாகக் கருதப்படும் என்பது அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் நிலை.

பேச்சு பலிக்காதபோது அடுத்த படி சார்ஜ் நர்ஸ், அதாவது அந்த ஷிப்டின் பொறுப்புச் செவிலியர். அவரோ இருபது முப்பது பேருக்கு மாத்திரை கொடுத்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பார். கண்டித்தால் அந்த உதவியாளர் நாளைக்கு வேலைக்கு வராமல் போய்விடுவாரோ என்ற பயமும் அவருக்கு உண்டு. அதனால் "அவள் சோம்பேறி" என்ற புகார் அவரிடம் எடுபடாது. எந்த அறை, எத்தனை மணி, எத்தனை முறை கேட்கப்பட்டது, முதியவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று சொன்னால் அவரால் ஒதுக்க முடியாது. முதியவருக்கு அவர்தான் பொறுப்பு. தேதியோடு சொந்தக் குறிப்பு வைத்துக்கொள்ளலாம், முதியவரின் பெயரும் நோயும் அதில் இடம்பெறாதவரை. சார்ஜ் நர்ஸுக்கு மேலே தளப் பொறுப்பாளரும் செவிலியர் இயக்குநரும் இருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியது தண்டனையைவிட ஏற்பாட்டு மாற்றம்: நிலையான ஜோடிகள், சுழற்சி இல்லாமல் அதே உதவியாளருக்கு அதே முதியவர்கள், கனத்தவர்களைச் சமமாகப் பங்கிட்ட பட்டியல்.

ஏற்பாட்டை மாற்றினால் நடத்தை எவ்வளவு மாறும் என்பதற்கு 'கிரீன் ஹவுஸ்' இல்லங்கள் நல்ல உதாரணம். மருத்துவர் பில் தாமஸ் யோசனையில், 2003-இல் மிசிசிப்பி மாநிலத்தின் டுப்பிலோ நகரில் முதல் வீடுகள் தொடங்கின. ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு முதியவர்கள்தான். உதவியாளர்களே சமைத்து, சுத்தம் செய்து, வேலையைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். நடுவே சமையலறை, சுற்றிலும் அறைகள். மறைந்துகொள்ள நீண்ட தாழ்வாரமே கிடையாது. பூசல் அங்கும் வரும். ஆனால் அதைத் தீர்க்க வேண்டியவர்கள் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள்.

வழக்கமான இல்லத்தில் ஏற்பாட்டு மாற்றத்தைத் தனியாளாகக் கேட்பதைவிட இரண்டு பேராகக் கேட்பதற்குச் சட்டத்தின் துணை அதிகம். 1935-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டம், தொழிற்சங்கம் இல்லாத இடத்திலும், பணிநிலை பற்றிச் சேர்ந்து பேசும் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது.

ஒரு கட்டத்துக்கு மேல் இது சக ஊழியர் பூசல் அல்ல. அழைப்பு பொத்தானை வேண்டுமென்றே எட்டாத இடத்தில் வைப்பது, மலத்தில் கிடப்பவரைத் தெரிந்தே மணிக்கணக்கில் விட்டுவைப்பது, இழுத்துப் புரட்டிக் காயப்படுத்துவது ஆகியவை புறக்கணிப்பு, கொடுமை என்ற கணக்கில் சேரும். கொடுமை பற்றிய சந்தேகமோ கடுமையான காயமோ இருந்தால் 2 மணி நேரத்துக்குள், மற்றவை 24 மணி நேரத்துக்குள் நிர்வாகிக்கும் மாநில அதிகாரிகளுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. நாளைக்கு அதே ஆளோடு சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்பதால் பலர் வாய் திறப்பதில்லை. காட்டிக்கொடுத்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் பொய்யானதும் அல்ல. முதியவர்கள் சார்பில் புகார்களைக் கேட்கும் 'ஆம்பட்ஸ்மன்' 1970-களின் இறுதியிலிருந்து எல்லா மாநிலங்களிலும் உண்டு. ஊழியர்களும் அங்கே போகலாம். குற்றச் சந்தேகத்தைப் புகார் செய்தவரைப் பழிவாங்கச் சட்டம் இடம் தருவதில்லை.

எதுவும் நகராவிட்டால் ஷிப்டையோ தளத்தையோ மாற்றிக் கேட்பது ஒரு வழி. வேலையை விடுவது கடைசி வழி. உண்மையில் அதுதான் அதிகம் நடக்கிறது. 2017, 2018 தரவுகளை வைத்து 2021-இல் வெளியான ஆய்வின்படி, இந்த இல்லங்களில் செவிலியப் பணியாளர் வெளியேற்ற விகிதம் சராசரியாக ஆண்டுக்கு 128 விழுக்காடு. ஓர் இடத்துக்கே ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர் வந்து போகிறார்கள். சான்றிதழ் வேறு இல்லத்திலும் செல்லும். ஆனால் தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலையைப் பார்க்காமல் இருந்தால், பயிற்சியையோ தேர்வையோ மீண்டும் முடிக்க வேண்டும். புதிய இடத்தில் சேருமுன் சம்பளத்தோடு மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளலாம்: இரவு ஷிப்டில் ஓர் உதவியாளருக்கு எத்தனை பேர், அதே முதியவர்கள் தொடர்ந்து கிடைப்பார்களா, தூக்கும் இயந்திரத்துக்கு இரண்டாவது ஆள் யார். மூன்றாவது கேள்விக்கு நேர்முகத் தேர்வு செய்பவர் உடனே ஒரு பதிலைச் சொன்னால், அந்த இல்லத்தில் ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்று கொள்ளலாம்.