மணல் பல்லியின் வீடு



இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் பகுதியில், ஸ்டட்லாண்ட் என்றொரு கடற்கரை. மணல்மேடுகளை அடுத்து ஹெதர் என்ற குறுஞ்செடிகள் படர்ந்திருக்கும். ஆகஸ்ட் வந்தால் ஒரே ஊதா நிறம். சத்தில்லாத, அமிலத்தன்மை கொண்ட அந்த மணலில் பயிர் விளையாது. ஹெதருக்கோ அதுதான் பிடித்த மண்.

பிரிட்டனின் சொந்த ஊர்வன இனங்கள் மொத்தமே 6. அந்த ஆறும் இங்கே வாழ்கின்றன. அதில் ஒன்று மணல் பல்லி. வசந்தத்தில் ஆணின் விலாப்புறம் பளிச்சென்று பச்சையாகிவிடும். பெண், வெயில் படும் வெறும் மணலில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். அடைகாப்பது சூரியன்தான்.

புதர் மண்டி நிழல் விழுந்தால் முட்டைக்கு ஏது சூடு? அதனால்தான் அங்குள்ள பாதுகாவலர்கள் பைன் கன்றுகளைப் பிடுங்குகிறார்கள், புதரை வெட்டுகிறார்கள், மாடுகளை மேயவிடுகிறார்கள். 2020-இல் இந்த இடமும் சேர்ந்து, 3,000 ஹெக்டேருக்கும் பெரிய பர்பெக் ஹீத்ஸ் தேசிய இயற்கைக் காப்பகம் உருவானது.

இயற்கையைக் காப்பது என்றதும் மரக்கன்றோடு கிளம்பிவிடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் நடுவதற்கு முன்னால், அந்த மண்ணில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நடுவோம்.