நெடுவழிப் பயணமும் உடற்சுகமும்

அனலைதீவை அயல் நிலத்தோடு இணைக்கும் பாலம் எதுவும் இல்லை. அத்தீவினர் யாழ்ப்பாணம் செல்வதாயின், முதலில் கடல் கடந்து ஊர்காவற்றுறையை அடைதல் வேண்டும். அங்கிருந்து வேலணை, அல்லைப்பிட்டி வழியாகப் பண்ணைத் தாம்போதியைத் தாண்டினால் நகரம். அலுவல் நிமித்தமும் உறவினரை நாடியும் அதற்கப்பால் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் ஸ்கூட்டரிலேயே செல்வோர் உளர். அவர்களுட் பெண்களும் உளர். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறக்குறைய 140 கிலோமீற்றர். இத்தகைய பயணத்தில் உடற்சுகத்தைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என எண்ணுதல் தவறு. களைத்த கை பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும். களைத்த கண் வீதியின் பள்ளத்தைக் காணத் தவறும். சுகம் என்பது ஈண்டு உயிர்க்காப்பின் மறுபெயர்.

ஸ்கூட்டர் நெடுவழிக்கென்றே பிறந்த வாகனம் அன்று. 1946ஆம் ஆண்டில் இத்தாலியில் வெளிவந்த வெஸ்பாவை வடிவமைத்தவர் கொரடினோ டஸ்கானியோ என்னும் விமானப் பொறியியலாளர். சேலையோ பாவாடையோ அணிந்தவரும் எளிதில் ஏறி அமரத்தக்க அமைப்பு அதன் சிறப்பு. ஆயின் அதன் சில்லுகள் சிறியவை. பெரிய சில்லு உருண்டு கடந்துவிடும் பள்ளத்திற் சிறிய சில்லு இறங்கி ஏறும். மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுபவர் மிதிகட்டையில் ஊன்றிச் சற்றே எழுந்து அதிர்ச்சியைத் தவிர்க்கலாம். ஸ்கூட்டரிலோ கால்கள் முன்னே நீண்டிருப்பதால், உடலின் பாரம் முழுவதும் இருக்கையிலும் முள்ளந்தண்டிலும் பொறுக்கின்றது. அமர்ந்திருக்கும் மனித உடல், நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையான மேல்கீழ் அதிர்வினாலேயே பெரிதும் வருந்தும் என்பது ஆய்வாளர் கண்ட உண்மை.

இதற்குப் பரிகாரங்கள் எளியவை. ரயரிற் காற்று மிகுந்தால் அதிர்வு கூடும். குறைந்தால் வண்டி தள்ளாடும். ஆதலின் உற்பத்தியாளர் குறித்த அளவைப் புறப்படுமுன்னரே சரிபார்த்தல் வேண்டும். மிக மெத்தென்ற இருக்கை ஒரு மணி நேரத்தில் அமுங்கி இடுப்பை வருத்தும். சற்று இறுகிய இருக்கையே நெடுவழிக்கு உகந்தது. கால் வைக்கும் தட்டில் அரிசி மூட்டையை ஏற்றுவோர், கால்களை மாற்றி வைக்கும் வசதியை இழக்கின்றனர். முழங்கால் வலிக்கு அதுவும் ஒரு காரணம். பின்னாற் பெருஞ்சுமை ஏற்றினால் முன்சில்லின் பிடிப்புக் குறையும்.

சோளகம் வீசும் மாதங்களில் இருபுறமும் கடலுள்ள பண்ணைத் தாம்போதியிற் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். அப்பொழுது கைப்பிடியை இறுகப் பற்றுவது இயல்பு. அதனாலேயே தோளும் மணிக்கட்டும் விரைவிற் சோர்கின்றன. வேகத்தைக் குறைத்து, முழங்கையைத் தளர்த்திச் செல்லுதலே நன்று.

எல்லாவற்றிலும் மேலானது ஓய்வு. கண்டி வீதியாற் செல்வோர் கிளிநொச்சிக்குத் தெற்கே முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிச் செல்வது நெடுநாள் வழக்கம். பக்தியின் பாற்பட்ட அவ்வழக்கம் உடற்கும் நன்மை செய்வது. இறங்கி நடந்த சில நிமிடங்களில் மரத்த கால்களில் இரத்தம் ஓடும், நாரி நிமிரும். முறிகண்டி வரும்வரை காத்திராது, மணிக்கொரு தடவையேனும் இறங்குதல் வேண்டும். நீரைச் சிறிது சிறிதாக அருந்துதலும் அவசியம். வழியில் மலசலகூடம் கிடையாதென அஞ்சி நீர் அருந்தாது செல்லும் பெண்களுக்கு வெயிலில் தலைவலியும் மயக்கமும் நேர்தல் கூடும். வீதியோரத்தில் தூய மலசலகூடம் அமைப்பதும் பயணப் பாதுகாப்பின் ஒரு கூறே என்பதைப் பொறுப்பிலுள்ளோர் உணர்தல் வேண்டும்.

தீவினர்க்குத் தனியாக ஓர் இடர் உண்டு. ஊர்காவற்றுறையிற் பின்னேர வள்ளத்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஓய்வை விட்டு விரைவர். நாள் முழுதும் அலைந்த உடம்பு மிகச் சோர்ந்திருக்கும் வேளையும் அதுவே. வள்ளத்தின் நேரத்தை முன்னரே கணக்கிட்டு, இடையில் நிற்கும் நேரத்தையும் அதிற் சேர்த்துப் புறப்படுதல் விவேகம். நேரம் போதாதெனக் கண்டால், அன்றிரவு உறவினர் வீட்டிலே தங்கிவிடலாம். மறுநாட் காலையும் வள்ளம் உண்டு.