முகப்புப் பக்கத்தின் கடைசி வரி



உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எல்.கே.ஜி. படிக்கும் குழந்தை இருந்தால், 'பா பா பிளாக் ஷீப்' பாட்டு இன்றைக்கும் ஒருமுறை காதில் விழுந்திருக்கும். அந்தப் பாட்டு அச்சில் வந்ததற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று, 1744ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் வெளியான ஒரு குட்டிப் புத்தகம். 'டாமி தம்ப்ஸ் பிரிட்டி சாங் புக்' என்று பெயர். உயரம் சுமார் மூன்று அங்குலம். அகலம் இரண்டு அங்குலம்கூட இல்லை. ஒரு குழந்தையின் உள்ளங்கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும்.

அந்தப் புத்தகத்தின் முகப்பில், கடைசியில் ஒரு வரி இருக்கிறது. விற்பனை செய்பவர் எம். கூப்பர் என்று சொல்லும் வரி. யார் இந்த எம். கூப்பர்? பொடிமட்டையும் கைத்தடியுமாக ஒரு பெரியவரை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். ஆனால் 'எம்' என்றால் மேரி. மேரி கூப்பர், கணவரை இழந்த ஒரு பெண்மணி.

இந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

1714 முதல் 1830 வரை பிரிட்டனை அடுத்தடுத்து நான்கு ஜார்ஜ் மன்னர்கள் ஆண்டார்கள். அதனால் அதை ஜார்ஜிய காலம் என்பார்கள். அந்தக் காலத்துப் புத்தக உலகில் பெண்கள் என்றதும் நமக்கு ஜேன் ஆஸ்டின் நினைவுக்கு வருவார். எழுத்தாளராக வந்த பெண்களை நமக்குத் தெரியும். கடை நடத்திய பெண்களை, கணக்கு எழுதிய பெண்களை, செப்புத் தகட்டில் படம் செதுக்கிய பெண்களை, தாள் மடித்த பெண்களை அவ்வளவாகத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் அன்றைய சட்டம்.

அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, திருமணம் ஆகிவிட்டால் கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் கணவன். மனைவி தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. சொந்தமாகச் சம்பாதித்தாலும் அந்தப் பணம் கணவனுடையது. கடையில் பகல் முழுக்க நின்று வியாபாரம் பார்ப்பவள் அவளாகவே இருக்கலாம். புத்தகத்தில் அச்சாகும் பெயர் அவன் பெயர்தான். ஆனால் லண்டன் அச்சுத்தொழிலைக் கட்டுப்படுத்திய ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற தொழிற்குழுமத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உறுப்பினர் இறந்தால், அவருடைய மனைவி தொழிலைத் தொடரலாம், தொழில் பழகும் பையன்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, வீட்டுக்காரர் கண்ணை மூடிய பிறகுதான் வீட்டுக்காரியின் பெயர் அச்சேறியது.

இதற்கு டேஸ் சோல் என்ற பெண்மணியின் கதையைவிட நல்ல சாட்சி வேண்டாம். குவேக்கர் சமயத்தாருக்காக அச்சகம் நடத்திய குடும்பம். தந்தையிடம் தொழில் கற்று, தானே அச்சுக்கோக்கத் தெரிந்தவர். 1691இல் அச்சகப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. புத்தகங்களில் டி. சோல் என்று அவர் பெயர் வந்தது. 1706இல் அவருக்குக் கல்யாணம் ஆனது. உடனே அந்தப் பெயர் மறைந்து, அம்மாவின் பெயரான ஜே. சோல் அச்சாகத் தொடங்கியது. அம்மா கைம்பெண் அல்லவா, அவர் பெயருக்குச் சட்டத்தில் தடையில்லை. 1711இல் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள், ஜே. சோலின் உரிமை பெற்றவர்கள் என்றே அந்தப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அச்சகத்தை நடத்தியவர் உயிரோடு இருக்க, அச்சில் இருந்தது இறந்தவரின் பெயர்.

மேரி கூப்பரிடம் திரும்புவோம். லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக்குப் பக்கத்தில் பேட்டர்னாஸ்டர் ரோ என்று ஒரு குறுகிய தெரு. அன்றைக்கு அதுதான் புத்தகக் கடைத்தெரு. அங்கே கடை வைத்திருந்த தாமஸ் கூப்பர் 1743 வாக்கில் இறந்துபோனார். மேரி கடையை மூடவில்லை. 1761இல் தான் இறக்கும்வரை, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் நடத்தினார். அவர் செய்தது ஒரு தனி வகைத் தொழில். நூலின் உரிமை வேறொருவரிடம் இருக்கும். மேரி அதைத் தன் பெயரில் வெளியிட்டு, கடைகளுக்கு அனுப்பி, கணக்குப் பார்ப்பார். ஆங்கிலக் கவிதையில் பெரும்புகழ் பெற்ற தாமஸ் கிரேயின் 'எலிஜி' 1751இல் ஆறு பென்னி விலையில் வந்தபோது, அதன் முகப்பில் ராபர்ட் டாட்ஸ்லியின் பெயரும், அதை அடுத்து விற்பவர் எம். கூப்பர் என்ற பெயரும் இருந்தன. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அந்தக் கவிதையைப் படித்திருப்பார்கள். அந்த வரியைத் தாண்டித்தான் படித்திருப்பார்கள்.

இப்படிப் பெயர் கொடுப்பதில் ஆபத்தும் உண்டு. அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஏதாவது அச்சாகிவிட்டால், எழுதியவரைத் தேடுவதற்கு முன்னால் விற்றவரின் வாசலில்தான் காவலர்கள் வந்து நிற்பார்கள். செய்தித்தாளும் துண்டுப் பிரசுரமும் விற்ற பெண்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். டெம்பிள் பார் வாயிலுக்கு வெளியே கடை வைத்திருந்த ஆன் டாட் அவர்களில் ஒருவர். 1728இல் அலெக்சாண்டர் போப், ஊரில் இருந்த எழுத்தாளர்களையெல்லாம் வம்புக்கு இழுத்து 'டன்சியட்' என்ற நையாண்டிக் காவியத்தை வெளியிட்டார். அதில் போப்பின் பெயர் இல்லை. ஏ. டாட் என்ற பெயர் இருந்தது.

குழந்தைகள் புத்தகத்துக்கு அமெரிக்காவில் ஆண்டுதோறும் நியூபெரி பதக்கம் கொடுக்கிறார்கள். ஜான் நியூபெரி என்ற பதிப்பாளரின் நினைவாக அது. அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவர் பிரான்சிஸ். அவர் 1780இல் இறந்ததும், அவர் மனைவி எலிசபெத் நியூபெரி கடையை ஏற்று, 1802 வரை இருபத்திரண்டு ஆண்டுகள் குழந்தைகளுக்கான நூல்களை வெளியிட்டார். முகப்பில் ஈ. நியூபெரி. பதக்கம் ஜானுக்குப் போயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. மனைவியின் பெயரில் எழுதிப் புகழ்பெற்ற சுஜாதாவை நமக்குத் தெரியும். மனைவியின் பெயரில் பதிப்பகம் வைத்தவர் வில்லியம் காட்வின். தீவிரமான அரசியல் சிந்தனையாளர். அவர் பெயரைக் கேட்டாலே பல பெற்றோர்கள் முகம் சுளிப்பார்கள். அப்படிப்பட்டவர் குழந்தைகள் புத்தகம் போட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் 1805இல் தொடங்கிய கடை முதலில் ஒரு மேலாளர் பெயரிலும், பிறகு எம். ஜே. காட்வின் என்று மனைவி மேரி ஜேனின் பெயரிலும் நடந்தது. மேரி ஜேன் வெறும் பெயர்ப்பலகை இல்லை. மொழிபெயர்ப்பார், நூல்களைச் செம்மை செய்வார், கடையையும் பார்த்துக்கொள்வார். அந்தப் பதிப்பகம் 1807இல் தந்த ஒரு நூல், நம்மில் பலர் துணைப்பாடமாகப் படித்த 'டேல்ஸ் ஃபிரம் ஷேக்ஸ்பியர்'. இருபது கதைகளில் பதினான்கை எழுதியவர் மேரி லாம். முதல் பதிப்பின் முகப்பில் இருந்தது தம்பி சார்லஸ் லாமின் பெயர் மட்டும்.

இனி ஒருவரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். எலிசபெத் பிளாக்வெல். கணவர் அலெக்சாண்டர், முறைப்படி தொழில் பழகாமலே லண்டனில் அச்சகம் தொடங்கினார். அபராதம் விழுந்தது, கடன் ஏறியது, சிறைக்குப் போனார். கடனை அடைத்தால்தான் விடுதலை. எலிசபெத்துக்குப் படம் வரையத் தெரியும். மருத்துவர்களுக்கு நல்ல மூலிகைப் படநூல் தேவை என்று தெரிந்துகொண்டார். செல்சியில் இருந்த மருந்துச்செடித் தோட்டத்தின் பக்கத்திலேயே குடிபோனார். செடியைப் பார்த்து வரைவார். வரைந்ததைச் சிறைக்குக் கொண்டுபோவார். அங்கே கணவர் செடியின் பெயர்களை எழுதித் தருவார். பிறகு செப்புத் தகட்டில் செதுக்க வேண்டும். அச்சில் நேராக வர வேண்டுமென்றால் தகட்டில் எல்லாம் இடம் வலமாக மாறியிருக்க வேண்டும். இலை நரம்பும் இடவலம் மாறி, எழுத்தும் இடவலம் மாறி. அச்சான படத்துக்கு வண்ணமும் அவரே தீட்டினார். வழக்கமாக ஓவியர், செதுக்குபவர், வண்ணம் தீட்டுபவர் என்று மூன்று பேர் செய்யும் வேலை.

வாரம் நான்கு படங்கள் வீதம் 125 வாரங்கள். மொத்தம் 500 படங்கள். 1737 முதல் 1739 வரை வெளிவந்த 'எ கியூரியஸ் ஹெர்பல்' நூல் இதுதான். வந்த பணத்தில் கணவர் வெளியே வந்தார். பின்னாளில் அவர் ஸ்வீடனுக்குப் போய், சதிக் குற்றம் சாட்டப்பட்டு, 1747இல் மரண தண்டனை பெற்றார். எலிசபெத்தின் நூல் இன்றும் நூலகங்களில் இருக்கிறது.

எழுத்தாளர்களுக்கும் வருவோம். ஃபேனி பர்னி 'எவலினா' நாவலை எழுதி முடித்தபோது, அவருடைய கையெழுத்தே அவருக்கு எதிரியாக இருந்தது. தந்தையின் கையெழுத்துப் படிகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தவர் அவர். அச்சகத்தாருக்குக் கையெழுத்து தெரிந்துவிடுமே! அதனால் எழுத்தின் வடிவத்தை மாற்றி நாவல் முழுவதையும் படியெடுத்தார். 1778இல் பெயரில்லாமல் வெளியான அந்த நாவலுக்குப் பதிப்பாளர் கொடுத்தது இருபது கினி. நாவல் அமோகமாக ஓடியது. அடுத்த நாவலுக்கு 250 பவுண்டு. 1794இல் ஆன் ராட்கிளிஃப் ஒரே நாவலுக்கு 500 பவுண்டு வாங்கினார். பெண் எழுத்துக்குச் சந்தை இருக்கிறது என்று பதிப்பாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆனால் சம்பாதிப்பது ஒன்று, கையில் தங்குவது வேறொன்று. கவிஞர் சார்லட் ஸ்மித் பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். கடனாளிக் கணவரோடு சிறையில் தங்கியிருந்த காலத்தில், 1784இல், தன் கவிதைகளை வெளியிட்டுப் பணம் திரட்டினார். பிறகு கணவரைப் பிரிந்து, நாவல் மேல் நாவலாக எழுதிப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். பிரிந்து வாழ்ந்தாலும், அவருடைய வருமானத்தின் மீது சட்டப்படி கணவருக்கே உரிமை இருந்தது.

ஜேன் ஆஸ்டின் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1803இல் 'சூசன்' என்ற நாவலைப் பத்து பவுண்டுக்கு விற்றார். வாங்கிய பதிப்பாளர் அச்சிடவில்லை, அலமாரியில் போட்டு வைத்தார். 1811இல் வேறொரு பதிப்பாளர் மூலம், தன் செலவில், 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலை வெளியிட்டார். முகப்பில் பெயர் இல்லை. ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் இருந்தது. லாபம் 140 பவுண்டு. அடுத்ததாக 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முழு உரிமையை 110 பவுண்டுக்குக் கொடுத்தார். 150 கிடைத்திருக்கலாம் என்ற குறை அவருக்கு இருந்தது. அந்தப் பழைய 'சூசன்' நாவலை 1816இல் அதே பத்து பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அவர் இறந்த பிறகு 'நார்தேங்கர் ஆபி' என்ற பெயரில் வந்த நாவல் அதுதான்.

இவ்வளவு நேரம் சொன்னவர்களுக்கு ஓர் எழுத்தாவது முகப்பில் கிடைத்தது. அதுவும் கிடைக்காதவர்கள் உண்டு. அன்றைய காகிதம் பழைய துணியிலிருந்து வந்தது. ஆலையில் மேசை முன் வரிசையாக நின்று, கந்தல் துணியிலிருந்து பொத்தானைப் பிரித்து, தையலை அறுத்து, துண்டு துண்டாக வெட்டியவர்கள் பெண்கள். அச்சடித்த தாள் பைண்டிங் கூடத்துக்கு வரும். எலும்புத் தகட்டால் நீவி ஃபாரமாக, அதாவது பக்கக் கட்டுகளாக, மடித்து, பக்க வரிசை பார்த்து அடுக்கி, நூல் கோத்துத் தைத்தவர்களும் பெண்கள். அட்டை போட்டுத் தங்க எழுத்து பதிப்பது ஆண்களின் வேலை, அதற்குக் கூலியும் அதிகம். ஒரு ஃபாரம் வரிசை மாறினால் நாவலே குழம்பிவிடும். அப்படிக் குழம்பாமல் ஆஸ்டினையும் பர்னியையும் வாசகர் கையில் சேர்த்த விரல்களுக்குப் பெயர் எங்கேயும் அச்சாகவில்லை.

மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே என்று இங்கிலாந்தில் முதல் சட்டம் வந்தது 1870இல். சொத்துரிமையும் சேர்ந்து முழுமையான சட்டம் வந்தது 1882இல். ஜேன் ஆஸ்டின் இறந்து அப்போது அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால், தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்தைத் திருப்பினால் பதிப்பு, அச்சாக்கம், அட்டை வடிவமைப்பு என்று பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். அதையும் ஒருமுறை படியுங்கள். வெறும் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர் கண்ணில் பட்டால், அது யார் என்று கேளுங்கள்.