அடி எங்கே கற்கப்படுகிறது?

(கராடிக் கிளையில் ‘அர்த் சத்யா’ படம் திரையிடப்பட்டபின் ஆற்றிய உரை)



இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்தத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து இந்திப் படம் பார்த்திருக்கிறீர்கள். குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். எனவே நீட்டாமல் பேசுகிறோம்.

கோவிந்த் நிஹலானி 1983-ல் எடுத்த படம் இது. திரைக்கதை விஜய் டெண்டுல்கர். ஓம் பூரி நடிப்புப் படித்தது இதே புனேயிலுள்ள திரைப்படக் கல்லூரியில். ஸ்மிதா பாட்டீல் பிறந்ததே இந்த ஊரில். இத்தனை வருடம் கழித்து இதை ஏன் போட்டோம்? சப்-இன்ஸ்பெக்டர் வேலங்கர், தாதா ராமா ஷெட்டியைக் கொல்லும் கடைசிக் காட்சிக்காக அல்ல. அங்கேதான் நீங்கள் கைதட்டினீர்கள். போலீஸ் நாயகனுக்குக் கைதட்ட நம் ஊர்ப் படங்கள் நன்றாகவே பழக்கியிருக்கின்றன! ஆனால் அதே கைதான் சற்று முன்பு ரேடியோ திருடிய ஒரு சில்லறைத் திருடனை லாக்கப்பில் அடித்தே கொன்றது. அப்போது கொட்டகையில் சத்தமே இல்லை. சைட்டில் கம்பி காணாமல் போனால் முதலில் யாரைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த அடியை வேலங்கர் எங்கே கற்றான்? அவனுடைய அப்பா ஒரு கான்ஸ்டபிள். வீட்டில் மனைவியை அடிப்பவர். சிறுவன் தடுக்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மேலே படிக்க விரும்பியவனைப் போலீஸ் வேலையில் தள்ளியதும் அதே அப்பாதான். வீட்டில் விழுந்த அடியும் லாக்கப்பில் விழுந்த அடியும் வேறு வேறல்ல என்று படம் சொல்கிறது. அது சரி. ஆனால் அந்தத் தாய் என்ன நினைத்தாள், எங்கே போயிருக்க முடியும் என்று படம் அதிகம் கேட்கவில்லை. நாம் கேட்டாக வேண்டும். நாள் முழுக்க மேஸ்திரியிடம் வசவு வாங்கியவன், ராத்திரி பத்துக்குப் பத்து அறைக்குள் அதிகாரி ஆகிவிடுகிறானே!

“போலீஸே இப்படி இருக்கும்போது பொம்பளையை ஏன் அங்கே அனுப்ப வேண்டும்? நமக்குள்ளேயே பேசி முடிக்கலாம்” என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பேசி முடிப்பது என்றால் என்ன? நாலு ஆண்கள் கூடி, குடிக்க மாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அவளை அதே அறைக்குத் திருப்பி அனுப்புவது. இதை நாங்கள் ஏற்கவில்லை.

ஸ்டேஷனைக் கண்டு பெண்கள் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1972-ல் இதே மகாராஷ்டிராவில், தேசாய்கஞ்ச் போலீஸ் நிலையத்துக்குள்ளேயே ஓர் ஆதிவாசிப் பெண் சீரழிக்கப்பட்டாள். உடலில் காயமில்லை, எதிர்ப்புக் காட்டவில்லை என்று சொல்லி 1978-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுதலை செய்தது. 1979-ல் சட்ட ஆசிரியர்கள் நான்கு பேர் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் வசுதா தாகம்வார் புனேக்காரர். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். படம் வந்த அதே 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த பலாத்காரத்தில் ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று பெண் சொன்னால் கோர்ட் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றாயிற்று. மனைவியைக் கொடுமை செய்வது 498ஏ பிரிவில் குற்றமாயிற்று. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 85-ஆம் பிரிவு.

நமக்கு அதைவிட முக்கியம் 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம். ஸ்டேஷன் படி ஏறாமலே மாஜிஸ்திரேட்டிடம் நேரே மனுக் கொடுக்கலாம். பாதுகாப்பு அதிகாரி மூலமும் கொடுக்கலாம். அவளுக்காக வேறொருவரும் கொடுக்கலாம். சொந்த ஊர் விழுப்புரமோ சேலமோ, அங்கே ஓட வேண்டியதில்லை. தற்காலிகமாகக் குடியிருக்கும் இடத்துக் கோர்ட்டே போதும். அறை கணவன் பெயரில் இருந்தாலும் அவன் இஷ்டத்துக்கு அவளை வெளியே தள்ள முடியாது. நெருங்கக் கூடாது என்று கோர்ட் போட்ட உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை ஜெயில், 20,000 ரூபாய் வரை அபராதம். வக்கீலுக்குப் பணம்? பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மராத்தி தெரியாதே என்ற பேச்சும் வேண்டாம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள்.

கோர்ட் மெதுவாகத்தான் நடக்கும். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் இழுக்கும். அந்த நாட்களில் அவளும் பிள்ளைகளும் எங்கே தூங்குவார்கள், அன்றைய கூலி போனால் யார் சோறு போடுவார்கள் என்பதுதான் சங்கம் இன்று முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆண்கள் கொஞ்சம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். பின்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் முன்னால் வாருங்கள், அதைப் பற்றி நீங்கள் முதலில் பேசுங்கள்.