கடல் திறந்து காட்டிய கோயில்



மாமல்லபுரத்துக் கோயில்கள் ஏழனுள் ஆறினைக் கடல் கொண்டது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். 2002இல் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் அங்கே மூழ்கித் தேடிச் சுவர்ப் பகுதிகளையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். ஆயினும் ஏழு என்னும் எண் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

நம் கேளம்பாக்கத்திற்குத் தெற்கே, சாளுவன்குப்பத்தில் கிடைத்த சான்றோ இன்னும் உறுதியானது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபோது பாறையிலிருந்த கல்வெட்டுகள் வெளிப்பட்டன. திருவிழிச்சில் என்னும் ஊரின் முருகன் கோயிலை அவை குறித்தன. 2005இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். பல்லவர் காலக் கட்டுமானத்தின் கீழே அதனினும் பழைய செங்கற்கோயில் இருந்தது. அது சங்க காலத்தது, கடல் அலைகளால் சிதைந்தது என்பது அகழ்ந்தோர் கருத்து. கொடையாளர் பெயர்கள் கல்லில் உள்ளன. செங்கல் அறுத்துச் சுமந்தவர் பெயரைத் தேடினால் கிடைக்காது.

நம் பிறப்பைப் பற்றிப் பிறர் புனைந்த கதைகளும் உள. அவற்றுக்குச் சான்று எங்கே என்று கேட்க நாம் தயங்க வேண்டா. நாம் ஒருகாலத்தில் அரசாண்டோம் என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதையும் அவ்வாறே கேட்போம். சிலருக்கு வருத்தம் வரலாம், வரட்டும்.

வரும் விடுமுறையில் சங்க மாணவர்களைச் சாளுவன்குப்பத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். குறிப்பேடும் அளவுகோலும் கொண்டு வருக.