பிரிக்காத பெட்டி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாங்கள் மேடையேறிப் பழகியவர்கள் அல்லர். சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதும் கை. படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றது. ஆயினும், மாற்றலைப் பற்றிப் பேசுக எனச் செயலாளர் பணித்தபொழுது மறுக்க மனம் வரவில்லை. அந்த ஒரு பாடத்திலேனும் நாம் அனைவரும் தேர்ச்சி பெற்றவர்கள் அன்றோ!

வணிகரோடும் பொதுமக்களோடும் நேரில் பழகும் பொறுப்பில் இருப்போரை நான்காண்டுக்கு ஒருமுறை மாற்றுவது ரயில்வேயின் விதி. அதனைக் குறை கூறுவதற்கில்லை. சரக்கை எடை போடும் இடத்தில் ஒருவனே நெடுநாள் அமர்ந்திருத்தல் நன்றன்று. அவ்விதியின்படி 2006-இல் ராய்கட், 2010-இல் ஷாடோல், 2014-இல் சாம்பா, 2018-இல் கோர்பா, 2022-இல் இந்தப் பிலாஸ்பூர் என வந்து சேர்ந்தோம். ஒரே டிவிஷனுக்குள் தானே என்று ஊரில் உள்ள உறவினர் எளிதாகக் கூறிவிடுவர். ராய்கட் சத்தீஸ்கரில் உள்ளது. ஷாடோலோ மத்தியப் பிரதேசத்தில் உள்ளது. டிவிஷன் ஒன்றேயாயினும் எல்லை தாண்டினால் பிள்ளைகளின் பாடநூல் மாறிவிடும் என்பதை அவர்கள் அறியார்.

கிட் பாஸில் சாமான்கள் சரக்கு வாகனில் வந்த காலத்தை மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். நாங்கள் கண்டதெல்லாம் லாரியும் கயிறும் உடைந்த கண்ணாடியுமே. ஷாடோலின் மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்க மறுக்கும். பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தி அடுப்பருகே உறங்க வைப்போம். கோர்பாவில் துவைத்த வேட்டி உலர்வதற்குள் நிலக்கரித் தூள் படியும்.

சாம்பாவில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். பொங்கலையொட்டிய ஒரு நாள் காலையில் சிறுவர் கூட்டமொன்று வாயிலில் நின்று, "சேர்சேரா" என்று கூவியது. பிச்சை கேட்கின்றனர் எனக் கருதி, "போங்கள்" என்று கதவைச் சாத்திவிட்டோம். அடுத்த வீட்டு மூதாட்டி அன்று மாலை வந்து விளக்கினார். பௌஷ மாதப் பௌர்ணமியன்று, அறுவடை நெல் வீடு வந்த மகிழ்ச்சியில் பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று நெல் கேட்பர். ஏழை, செல்வர் என்ற வேறுபாடு அதில் இல்லை. வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புதல் ஆகாது. நெல் விளையும் காவிரிக்கரையிலிருந்து சென்ற நாம், நெல் கேட்டு வந்த குழந்தைகளை விரட்டிவிட்டோமே என்று நாணினோம். மறு ஆண்டு ஒரு மரக்கால் நெல் வாங்கி வைத்துக் காத்திருந்தோம். அதன்பின் அம்மூதாட்டி வீட்டுச் சீலாவும் எங்கள் வீட்டுத் தோசையும் வேலி தாண்டிப் போய்வந்தன. அவர்கள் பாசி என்று கூறும் தண்ணீர்ச்சோறு நம் பழையதே அன்றி வேறன்று.

இத்தனையும் கற்றோம் என்ற பெருமிதத்தோடு கோர்பா சென்றோம். ஷாடோலில் பிறந்த எங்கள் மகளுக்கு அப்பொழுது வயது ஏழு. புதிய பள்ளியில் யாரோடும் பேசாமல் அமர்ந்திருக்கிறாள் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். காரணம் கேட்டோம். "எப்படியும் போகத்தானே போகிறோம் அப்பா? எதற்குச் சிநேகம்?" என்றாள்.

இதனை அவளுக்குக் கற்பித்தவர் யார்? எங்கள் வீட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. "அடுத்த ஊரில் பிரித்துக்கொள்ளலாம்" என்று ஷாடோலில் ஆணி அடித்ததைச் சாம்பாவில் நான்காண்டும் திறக்கவில்லை. அதன்மேல் துணி விரித்துத் தொலைக்காட்சி வைத்திருந்தோம். அவள் வளர்ந்ததே அதைப் பார்த்துத்தான். அன்றிரவே ஆணிகளைப் பிடுங்கினோம். குத்துவிளக்கு இருந்தது, முறுக்கு அச்சும் இருந்தது. அவள் பிறந்தபொழுது பாட்டி வாங்கி அனுப்பிய அரிச்சுவடி மட்டும் கரையானுக்கு இரையாகி, அட்டையும் சிறிது மண்ணுமாகக் கிடந்தது. ஏழு வயதுவரை அவளுக்குத் தமிழெழுத்து ஒன்றும் தெரியாது. இல்லாள் ஒன்றும் பேசவில்லை. மண்ணைத் தட்டிவிட்டு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

பின்னர், 2020-இல் ஊரடங்கின்பொழுது, பாட்டியே தொலைபேசி வழியாக அவளுக்கு எழுத்துக் கற்பித்தார். இன்றும் எழுத்துக்கூட்டியே படிக்கிறாள். பிலாஸ்பூர் வந்த முதல் வாரத்திலேயே எல்லா மூட்டைகளையும் பிரித்தோம். கொல்லையில் கறிவேப்பிலைக் கன்றும் வைத்தோம். அதன் பயனை அடுத்து வருவோர் நுகரட்டும் என்றுதான் வைத்தோம். எங்கள் ரசத்துக்கும் இப்பொழுது அதுவே உதவுகிறது. பக்கக் கன்றுகள் நிரம்ப முளைத்துள்ளன; வேண்டுவோர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று. நம் தெருவின் கடைசி வீட்டிற்குச் சென்ற வாரம் ஒரு குடும்பம் மாற்றலாகி வந்துள்ளது. முன்னறையில் மூட்டைகள் கட்டியபடியே கிடக்கக் கண்டோம். நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு நாங்கள் அங்கே செல்கிறோம். ஆணி பிடுங்கும் கருவி எங்களிடம் உள்ளது. இன்னும் நான்கு கைகள் தேவைப்படுகின்றன.